பங்கில்லாத கை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை எவ்வளவு, முட்டி எப்படி, மருமகள் என்ன சொன்னாள். நான் குறை சொல்லவில்லை. நானும் அதே கூட்டத்தில் உட்கார்ந்து அதே மாத்திரையை விழுங்குகிறவள்தான். போன வாரம் உங்களில் ஒருவர் மட்டும் புதிதாக ஒன்றைக் கேட்டார். பேத்திக்கு ஒரு நாவல் பாடமாம். வரப்போகிற காலத்தில் மனிதர்களை மந்தையாக்கி அடைத்து வைத்திருக்கிற கதை. அதற்கு நடுவில் ஒரு பழைய செய்யுள் வருகிறதாம். அந்தச் செய்யுளால் நாவலுக்கு என்ன வளம் சேர்கிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். “உங்களுக்கு ஏதாவது தெரியுமா டீச்சர்?” என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பொய். அதே மாதிரி ஒரு நாவலுக்கு, அதே மாதிரி ஒரு கேள்விக்கு, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அக்கா விடை எழுதினாள். அந்த விடைக்கு என்ன ஆயிற்று என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மீஞ்சூர் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டிருப்பது போதும் என்று தோன்றிவிட்டது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பம். அந்த வருடம் மார்கழியில் நைனாவின், எங்கள் அப்பாவின், வலது உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறியது. ஏரியில் வலை இழுக்கிறவர்களில் கெளுத்தி முள் குத்தாத கை கிடையாது என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா மஞ்சள் அரைத்துக் கட்டினாள். பொங்கல் கழிந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கை பந்தாக வீங்கியிருந்தது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்று விரலில் பீடி பிடிக்கலாம், வலை பிடிக்க முடியாது.

இதில் என்ன சிக்கல் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டின பாடு என்றால் இறால் கொட்டும். தள்ளிப் போகப் போக நண்டுக் குஞ்சும் பாசியும்தான். யாருக்கு எந்த நாள் எந்தப் பாடு என்பதை வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையில், அம்மன் கோயில் முன்னால் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். வீட்டுக்கு ஒரு பெயர். பெயருக்கு ஒரு ஆண்பிள்ளை நிற்க வேண்டும். ஆள் நிற்கவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், அதோடு அந்த வீட்டுக்கு ஏரி இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்.

குடத்திலிருந்து சீட்டை எடுப்பதற்கு மட்டும் எப்போதும் ஒரு சின்னப் பெண்ணைத்தான் கூப்பிடுவார்கள். பெண்பிள்ளைக்கு ஏரியில் பங்கு கிடையாது, பங்கில்லாத கையில் சூது இருக்காது என்பது அவர்கள் கணக்கு. சீட்டு மடிக்கும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய சித்திரையில் எடுத்தவள் நான். பாவாடையெல்லாம் கசங்கிப்போகும் அளவுக்கு ஈரக்கையைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். ஊரே என் விரலைப் பார்த்தது. அப்படி ஒரு மரியாதை பிறகு எனக்குப் பணி ஓய்வு நாளில்கூடக் கிடைக்கவில்லை.

மாசியில் ஊர்த் தலைவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வாசலில் குந்திக்கொண்டு நைனாவின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“ரணம் ஆறிடுச்சி. அத்த உடு. சித்திரைக் குலுக்கலுக்கு ஆளு நிக்கணும்ப்பா. இல்லன்னா பேர எடுத்துருவாங்க. என் கையில இன்னா கீது, ஊர்க்கட்டு.”

“தெரியும்ணே,” என்றார் நைனா.

“என் தங்கச்சி புள்ள கீறான். குடிக்க மாட்டான். பெரிய பொண்ண அவனுக்குக் குடுத்தீன்னா உன் பேருல அவன் நிப்பான். வூடு நின்னுடும்.”

“அது படிச்சிக்கினு கீதே.”

“படிக்கட்டும், யாரு வேணான்னா? இந்த வருசத்தோட முடிஞ்சிதானே போவுது?”

முடிந்து போகவில்லை, அதுதான் சிக்கல். அக்கா பொன்னேரிக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு. அவளுடைய விரிவுரையாளர் அம்மாவுக்குச் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் செல்வாக்கு உண்டு. வருடத்துக்கு ஒரு பெண்ணை மேற்படிப்புக்கு அனுப்பிவைப்பார். விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அந்த வருடம் யாரை அனுப்புவது என்பதை அந்த நாவலின் செய்யுளைப் பற்றி எழுதுகிற ஒரு கட்டுரையைப் பார்த்து முடிவு செய்வேன் என்று சொல்லியிருந்தார். கட்டுரை தேறினால் அக்கா சென்னைக்குப் போவாள், வீட்டுப் பெயர் போகும். தேறாவிட்டால் அக்கா கல்யாணம் செய்துகொள்வாள், பெயர் நிற்கும்.

நைனா கட்டாயப்படுத்தவில்லை. “உன் இஷ்டம்மா” என்று மட்டும் சொன்னார். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். அம்மா இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே அறை வீட்டில் உட்கார்ந்து கட்டுரை எழுத முடியாது. அக்கா பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைக்குப் போவாள். துணைக்கு நான். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். காவல்காரர் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, “கல்லுமேல துணி காயப்போடாதீங்கம்மா” என்று தினமும் ஒருமுறை சொல்வார். நாங்கள் ஒருநாளும் துணி கொண்டுபோனதில்லை. பெரிய பெரிய கருங்கல் பலகைகள், அவற்றில் யாருக்கும் புரியாத எழுத்து. வெயில் ஏறினால் கல் சுடும் என்பதால் நிழல் நகர நகர நாங்களும் கல் மாறிக் கல் மாறி உட்காருவோம். ஏரி வற்றிக்கொண்டிருந்த காலம். காற்றில் உப்பும் சேறும் காய்ந்த மீனும் கலந்து வரும். அக்காவின் பேனாவில் மை கசியும். அவள் நடுவிரல் அந்தக் கோடை முழுக்க நீலமாகவே இருந்தது.

நாவலை அவள் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். வேறு யாருக்குப் படித்துக் காட்டுவாள்? சுவர் எழுப்பி அடைத்த ஒரு நகரம். நடுவில் ஒரு கோபுரம். தினமும் காலையில் கோபுரத்திலிருந்து சீட்டுகள் விழும். இன்று யார் சமைப்பது, யார் மண் சுமப்பது, யார் யாரைக் கட்டிக்கொள்வது, எல்லாம் சீட்டில் வரும். யாரும் எதையும் தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அங்கே குப்பை அள்ளுகிற ஒருவனுக்கு ஒருநாள் ஒரு கிழிந்த ஏடு கிடைக்கிறது. அதில் ஒரு பழைய செய்யுள். கரையில் ஒருத்தி நிற்கிறாள். போன படகுகளில் ஒன்று திரும்பவில்லை. மற்றவர்கள் மீனை மணலில் கொட்டிப் பங்கு வைக்கிறார்கள். வராதவன் வீட்டுக்கும் வழக்கப்படி ஒரு குவியல் வைக்கிறார்கள். அவள் கேட்கிறாள்: மீனைச் சரியாகப் பங்கு வைத்துவிட்டீர்கள், இந்த மாலைப் பொழுதை யாருக்கெல்லாம் பங்கு வைப்பீர்கள்? அவ்வளவுதான் செய்யுள். குப்பை அள்ளுகிறவன் ஒவ்வொரு சீட்டு விழும்போதும் அதைச் சொல்லிப் பார்க்கிறான்.

அக்கா அந்த இடத்தை இன்னொரு முறை படித்தாள். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

விரிவுரையாளர் அம்மா வகுப்பில் ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். சீட்டு என்பது கொடுமை. செய்யுள் என்பது சுதந்திரம். முற்காலத்தில் மனிதர்கள் இயற்கையோடு, விருப்பம்போல் வாழ்ந்தார்கள், காதலித்தார்கள். அந்த ஒளி இந்த இருட்டுக்குள் விழுவதால் இருட்டு இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. இதுதான் விடை, இதை விரித்து எழுதினால் போதும்.

அக்காவுக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. “இவங்களுக்கு இன்னா தெரியும்?” என்று கல்லறைக் கல்லிடம் கேட்டாள். “சீட்டு இல்லன்னா இன்னா ஆவும்? கையில வலு கீறவன் தினமும் முகத்துவாரத்துலயே வலை கட்டுவான். நைனா மாதிரி ஆளுங்க பாசி பொறுக்கினு இருக்கணும். சீட்டு எப்டிடி கொடுமையாவும்?”

நான் மட்டும் சும்மா இருப்பேனா? எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

“அந்த டவுன்ல பொம்பளைங்க பேரும் சீட்டுல கீதாக்கா?”

“கீது.”

“அப்ப நல்ல டவுனுதானே?”

அக்கா சிரித்தாள். கல்லறை வாசல்வரை கேட்கிற மாதிரி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தாள். “இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள். சொன்னேன். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். மாலை பஸ் போகும்வரை நிமிரவே இல்லை.

அவள் எழுதியது எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். செய்யுள் நாவலுக்கு எதிராக நிற்கவில்லை, இரண்டும் பங்கு வைப்பதைப் பற்றியவை என்று தொடங்கினாள். செய்யுளின் கரையிலும் விதி இருக்கிறது, வழக்கம் இருக்கிறது, யாரும் தன்னிஷ்டப்படி மீனை அள்ளிக்கொண்டு போவதில்லை. ஆனால் அந்த விதிக்கு வராதவனைத் தெரியும், அவனுக்கும் ஒரு குவியல் வைக்கிறது. நாவலின் கோபுரத்துக்கு யாரையும் தெரியாது. அதுதான் அந்த நகரத்தின் பயங்கரம், சீட்டு அல்ல. அதோடு நிற்கவில்லை. அந்தக் கரை மட்டும் சொர்க்கமா என்று கேட்டாள். பங்கு வைத்தவர்கள் நின்றுகொண்டிருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. “என் தங்கை, வயது பத்து, இந்த நகரத்தில் பெண்கள் பெயரும் சீட்டில் உண்டு என்று கேட்டதும் இது நல்ல நகரம் என்றாள். இந்த நாவலைப் படித்துப் பொறாமைப்படவும் ஒரு கரை இருக்கிறது. பழைய செய்யுள் நம்மை அந்தக் கரைக்கு அழைத்துப் போகிறது” என்று முடித்தாள்.

முப்பத்தைந்து வருடம் பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரை திருத்தியவள் சொல்கிறேன், அதைவிட நல்ல விடையை நான் படித்ததில்லை.

விரிவுரையாளர் அம்மா படித்துப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடித்துப் பேசுகிறவர் அல்ல, அன்பாகத்தான் சொன்னாராம். “நன்றாக எழுதுகிறாய், ஆனால் நாவலையே தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். இதை வைத்து நான் யாரிடமும் உனக்காகப் பேச முடியாது. வகுப்பில் சொன்னதை ஒட்டி எழுதிக்கொண்டு வா. இல்லை, இதுதான் உன் கருத்து என்றால் இதையே கொடு. வெள்ளிக்கிழமை கடைசி.” அவர் கெட்டவர் இல்லை என்று இப்போது புரிகிறது. அவருக்குச் சீட்டு என்றால் ரேஷன் கடை வரிசை. ஏரியில் ஒருநாள் கால் வைத்திருந்தால் வேறு மாதிரிப் படித்திருப்பார்.

அக்கா இரண்டாவது கட்டுரையை ஒரே மாலையில் எழுதி முடித்தாள். பொய் எழுதச் சீக்கிரம் வரும். ஒளி, இருட்டு, சுதந்திரம் என்று ஐந்து பக்கம் அழகாக ஓடியது. எதைக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. பொய்யைக் கொடுத்தால் நைனாவின் பெயரைத் தன் கையால் அடிக்கிற மாதிரி. உண்மையைக் கொடுத்தால் தன் பெயரை. மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, நைனா கோயில் பக்கம் போயிருந்தார், அம்மா இறால் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். அக்கா என்னைக் கூப்பிட்டாள். இரண்டு கட்டுரையையும் முன்னால் வைத்திருந்தாள். பக்கம் குறைவாக இருந்ததன் பின்னால் மூன்று வெற்றுத் தாளைச் சேர்த்திருந்தாள், கனம் தெரியக்கூடாது என்று.

“பாப்பா, நீயே எடுத்துக் குடு. உனக்குப் பங்கில்ல, நீ எடுத்தா யாரு மேலயும் குத்தமில்ல. செவுத்துப் பக்கம் திரும்பிக்கோ.”

எங்கள் ஊர்ப் பெண் வேறு என்ன செய்வாள்? நான் திரும்பினேன்.

சுவரில் நைனா சவரம் செய்துகொள்கிற கண்ணாடி மாட்டியிருந்தது. என் முகத்துக்கு நேரே. ஓரத்தில் ரசம் போன, உள்ளங்கை அகலக் கண்ணாடி. அக்கா குனிந்து, தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்க்காமலே ஒவ்வொரு கட்டுரையையும் பழைய செய்தித்தாளில் சுற்றி வலை நூலால் கட்டுவது அதில் தெரிந்தது. நான் இருந்த கட்டுரை, “என் தங்கை” என்று எழுதியிருந்த கட்டுரை, சோப்பு விளம்பரம் போட்ட தாளுக்குள் போனது. இரண்டையும் சாதக் குண்டானுக்குள் போட்டுக் குலுக்கி என் முன்னால் வைத்துவிட்டு, அக்கா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளால் பார்க்க முடியவில்லை.

நான் கண்ணைத் திறந்துகொண்டே சோப்பு விளம்பரத்தை எடுத்தேன்.

என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள், அதை எல்லோரும் படிக்க வேண்டும், அதற்காகத்தான் எடுத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. அக்கா போய்விட்டால் அந்த வீட்டில் என்னோடு பேச யாரும் இல்லை. நைனா தன் கையோடு பேசிக்கொண்டிருந்தார், அம்மா யாரோடும் பேசுவதில்லை. பெண்பிள்ளைக்குப் பங்கில்லை என்று ஊர் சொன்னதை அக்காவும் நம்பிவிட்டாள். அந்தக் குலுக்கலில் எனக்குத்தான் எல்லோரையும்விடப் பெரிய பங்கு இருந்தது.

அக்கா கட்டைப் பிரிக்கவில்லை. “எது போவுதுன்னு எனக்கும் தெரியக்கூடாது” என்றாள். மற்றதை அப்படியே அடுப்பில் வைத்தாள். அதில்தான் அன்றைக்குக் கஞ்சி காய்ந்தது. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். மாலை வரைக்கும் அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அந்த ஒரு பகல் தனிமையை இன்றுவரை நான் தாண்டவில்லை.

விரிவுரையாளர் அம்மா அவள் முன்னாலேயே கட்டைப் பிரித்துப் பார்த்திருப்பார். மாலையில் திரும்பி வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு நைனாவிடம் போனாள். “தலைவரு கைல சரின்னு சொல்லிடு நைனா” என்றாள்.

சித்திரைக் குலுக்கலில் நைனாவின் பெயரில் அக்காவைக் கட்டின மச்சான் நின்றார். உண்மையிலேயே நல்லவர், குடிக்கவில்லை, அக்காவை ஒரு சொல் அதட்டிப் பேசியதில்லை. அந்த வருடம் சீட்டெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மச்சானின் முறையில் விழுந்த இறாலில்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். அக்காதான் பிடிவாதமாக அனுப்பினாள், அதே பொன்னேரிக் கல்லூரிக்கு. பிறகு வேலை, மீஞ்சூர், கல்யாணம். யாரைப் போகவிடாமல் பிடித்து வைத்தேனோ அவளை விட்டுவிட்டு நானே போய்விட்டேன். லீவில் போகும்போதெல்லாம் அக்கா மீன் குழம்பு வைத்துப் போட்டு, “இன்னா புக்கு படிக்கிற? கத சொல்லு” என்பாள். நான் சொல்வேன். அவள் ஒருநாளும் தன் கட்டுரையைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரே ஒருமுறை பேசினாள். போன கார்த்திகையில், போய்ச் சேருவதற்குப் பத்து நாள் முன்னால். மச்சான் அதற்கு முன்பே போய்விட்டார். கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது.

“ஒரு நாளுகூட எனக்கு ஆத்திரம் வந்ததில்ல, பாப்பா. யாரு மேலன்னு வரும்? நைனா மேலயா, அந்த டீச்சரு மேலயா? குலுக்கல்ல வந்தது. நானா எடுத்திருந்தா காலத்துக்கும் இத்த எடுத்தமே, அத்த உட்டமேன்னு வெந்துக்கினு இருந்திருப்பேன். கம்முனு இருந்தேன் பாரு, அது அந்தச் சீட்டாலதான்.”

எனக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும். அவளுடைய ஐம்பது வருட நிம்மதியைப் பத்து நாளில் பிடுங்கியிருப்பேன். எது நியாயம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டுதானே எடுத்தாய் என்று அக்கா ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.